கணக்கைக் கண்ணில் காட்டுங்கள்: கில்டு வார்ஸ் 2 ஆக்கியோருக்கு ஒரு திறந்த மடல்

அரினாநெட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

2012 ஆகஸ்ட் 28 அன்று உங்கள் ஆன்லைன் ஆட்டம் கில்டு வார்ஸ் 2 வெளியானபோது உச்ச லெவல் 80. இன்றும் 80தான். ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ், பாத் ஆஃப் ஃபயர், எண்ட் ஆஃப் டிராகன்ஸ் என்று எக்ஸ்பான்ஷன்கள் (விரிவாக்கங்கள்) வரிசையாக வந்தும் அந்த எண்ணில் நீங்கள் கைவைக்கவில்லை. 2012 நவம்பரில் சேர்த்த அசெண்டட் என்ற கவச, ஆயுதத் தரத்துக்கு மேலே எண்ணளவில் வேறு தரம் வரவில்லை. லெஜண்டரியும் அதே எண்கள்தான், வசதி மட்டுமே கூடுதல். மூன்று வருஷம் ஆடாமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் பெட்டியைத் திறந்தால் பழைய கவசம் அப்படியே செல்லும். மாதச் சந்தாவும் கிடையாது. மற்ற ஆன்லைன் ஆட்டங்களில் போன வருஷத்து வாள் பேரீச்சம்பழத்துக்குக்கூடப் போகாது. அந்த நிலைமையைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். முதல் வேண்டுகோளே இதை மாற்றாதீர்கள் என்பதுதான்.

மற்ற வேண்டுகோள்கள் எல்லாம் இதிலிருந்தே கிளம்புகின்றன. கவசத்தில் வளர்ச்சி இல்லை என்றால் வளர்ச்சி வேறு எங்கே இருக்கிறது? ஆடுகிறவரின் அறிவில். ஒரு படி கீழான எக்ஸாட்டிக் கவசத்துக்கும் அசெண்டட் கவசத்துக்கும் எண்ணில் உள்ள வித்தியாசம் ஐந்து சதவீத அளவுதான். இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். அடியைக் கூட்டும் பெர்சர்க்கர் கவசம் முழுசாகப் போட்ட 80 லெவல் ஆளின் பவர் (அடியின் பலம்) ஏறத்தாழ 2,400. மைட் என்ற பூன் (தற்காலிகமாகக் கிடைக்கும் வலு) ஓர் அடுக்குக்கு 30 பவர் தரும். 25 அடுக்கும் நிறைந்தால் 750. நேரடி அடி பவருக்கு நேர்விகிதத்தில் ஏறுவதால் இதிலேயே 31 சதவீதம் கூடிவிடுகிறது. அதற்கு மேல் குயிக்னெஸ் என்ற பூனும் வந்தால் ஸ்கில்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். இரண்டையும் பெருக்கினால் 1.97. அதாவது அதே ஆள், அதே கவசம், அதே ஸ்கில் வரிசை. பக்கத்தில் பூன் தருகிறவர் இருந்தால் அடி கிட்டத்தட்ட இரட்டிப்பு.

ஐந்து சதவீதத்துக்காக மாதக்கணக்கில் பொருள் சேர்க்கிறோம். நூறு சதவீதம் எங்கே கிடைக்கிறது என்று ஆட்டத்துக்குள் யாரும் சொல்வதில்லை. பூன் ஐகான் மேல் மவுஸை வைத்தால் தனித்தனி எண் வரும், பெருக்கிப் பார்க்கச் சொல்ல ஆளில்லை. புது மவுண்ட் (சவாரி விலங்கு) வேண்டும், புதுத் தொழில் வேண்டும் என்று கேட்கும் மடல் அல்ல இது. ஆட்டம் தனக்குள் போட்டு வைத்திருக்கும் கணக்கை ஆடுகிறவர் கண்ணில் படும்படி வையுங்கள் என்று கேட்கிறோம்.

முதலில் பிரேக் பார். 2015இல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸோடு வந்தது. பாஸின் (பெரிய எதிரியின்) உயிர்க்கோட்டுக்குக் கீழே நீலப்பச்சையில் ஓடும் பட்டை. அதை உடைத்தால் பாஸ் கொஞ்ச நேரம் செயலற்று நிற்கும், பல பாஸ்கள் அந்த நேரத்தில் கூடுதல் அடியும் வாங்கும். உடைக்காவிட்டால் கூட்டமே தரையில். உடைக்கும் கணக்கு சிக்கலானதல்ல. எதிரியைத் திகைத்து நிற்க வைக்கும் ஸ்டன், டேஸ் போன்றவை வினாடிக்கு 100, எனவே இரண்டு வினாடி ஸ்டன் 200. பின்னே தள்ளும் நாக்பேக் 150. தூக்கி எறியும் லாஞ்ச் 232. இவை பட்டவுடன் முழுதாகக் கழியும். வேகத்தைக் குறைக்கும் அல்லது கட்டிப்போடும் ‘கிரிப்பிள்’, ‘சில்’, ‘இம்மொபிலைஸ்’ போன்ற மென்மையான வகைகள் பாஸ் மேல் இருக்கும்வரை வினாடிக்கு முறையே 15, 33, 50 என்று சொட்டுச் சொட்டாகக் கழிக்கும்.

இங்கேதான் தவறு நடக்கிறது. மென்மையான வகை எத்தனை பேர் போட்டாலும் ஒரு முறை போட்டதாகத்தான் கணக்கு. ஐம்பது பேர் சேர்ந்து கிரிப்பிள் போட்டாலும் வினாடிக்கு 15தான். பட்டை 2,000 என்று வைத்துக்கொண்டால் கிரிப்பிளால் மட்டும் அதை உடைக்க 133 வினாடி ஆகும், அத்தனை நேரம் எந்த பாஸும் காத்திருக்காது. அதே பட்டையைப் பத்துப் பேர் ஆளுக்கொரு நாக்பேக், அவர்களில் மூன்று பேர் கூடவே ஒரு இரண்டு வினாடி ஸ்டன் என்று போட்டால் 2,100. கண்மூடித் திறப்பதற்குள் உடையும். முதல் கூட்டத்திலிருந்த ஐம்பது பேரும் தாங்கள் ‘சிசி’ (எதிரியைக் கட்டுப்படுத்தும் ஸ்கில்) போட்டதாகத்தான் நம்புகிறார்கள். ஒருவிதத்தில் பொய்யும் இல்லை.

வில்லாளியான ரேஞ்சரின் லாங்போவில் நான்காவது ஸ்கில் பாயிண்ட் பிளாங்க் ஷாட். சாதாரண எதிரிக் கூட்டத்தில் அதை எய்தால் எல்லோரும் ஒரே இடத்தில் குவித்து அடித்துக்கொண்டிருக்கும் எதிரி தூரப் போய் விழும். சுற்றி நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். இரண்டு நாள் திட்டு வாங்கிய புது ரேஞ்சர் மூன்றாம் நாள் அந்தப் பொத்தானையே தொடமாட்டார். பிரேக் பார் திறந்திருக்கும் பாஸுக்கோ அதே ஸ்கில் 150, அதுவும் தூரத்திலிருந்தே. திட்டு வாங்கிக் கற்ற பாடம் தேவைப்படும் இடத்தில் காலை வாரிவிடுகிறது. அவர் என்ன செய்வார், பாவம்.

கேட்பது இவ்வளவுதான். கட்டுப்படுத்தும் தன்மை கொண்ட ஸ்கில் ஒன்று விடாமல் டூல்டிப்பில் (மவுஸை வைத்தால் வரும் குறிப்பில்) பிரேக் பார் எண் இருக்கட்டும். பட்டை திறந்தவுடன் ஸ்கில் பட்டியில் எந்தெந்தப் பொத்தான் அதைக் கழிக்குமோ அதன் ஓரம் மட்டும் அதே நீலப்பச்சையில் மினுங்கட்டும். பட்டை சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும்போது மினுங்கக் கூடாது, ஏனென்றால் பூட்டியிருக்கும்போதே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, திறக்கும்போது கூல்டவுனில் (ஸ்கில் மறுபடி தயாராகும்வரை) கை பிசைந்து நிற்பது அடுத்த பெரிய தவறு. உடைந்ததும் உங்கள் பங்கு 350, மொத்தம் 2,000 என்று ஒரு வரி. பொதுவில் போட வேண்டாம், அவரவர் திரையில் போதும்.

லயன்ஸ் ஆர்ச் நகரின் ஏரோடிரோமிலிருந்து போகும் பயிற்சித் தளத்தில் கோலெம் என்ற பயிற்சிப் பொம்மை வைத்திருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 80 லெவலை எட்டியும் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாதவர் ஏராளம். அதே கோலெமை ஒரு சின்ன அறையில், தொடக்க நகரங்கள் ஐந்திலும் வையுங்கள். 20 லெவலில் ஒரு கடிதம் வரட்டும்: போய் இந்தப் பட்டையை உடைத்துவிட்டு வா, 400 கழி, ஒரு பை பரிசு. வேலை முடிந்தது. தொடக்க வரைபடமான குவீன்ஸ்டேலில் ஷேடோ பெஹிமோத் என்ற பாஸ் செத்து விழுவதைப் பார்த்து யாரும் எதுவும் கற்பதில்லை. அங்கே கூட்டம் அடிக்கும் வேகத்தில் எந்தத் தந்திரத்துக்கும் அவசியமே வராது. 80 லெவல் வரை இப்படித்தான் போகும். பிறகு ஹார்ட் ஆஃப் தார்ன்ஸின் வெர்டண்ட் பிரிங்க் வரைபடத்துக்குப் போய் முழங்கால் உயரம்கூட இல்லாத பாக்கெட் ராப்டர் கூட்டத்திடம் உயிரை விடுவார்கள். அந்தக் குட்டிப் பல்லிகளைப் பற்றி இன்னும் எழுதலாம், மரியாதை கருதி விடுகிறோம்.

அடுத்தது பூன்கள். பூன் தரும் ஸ்கில் பெரும்பாலானவை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் தரும், தன் துணைக்குழுவில் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கும். அதனால்தான் பத்துப் பேர் ஆடும் ரெய்டு என்ற கடினமான சண்டையில் ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் குயிக்னெஸ் தர ஒருவர், அலாக்ரிட்டி தர ஒருவர் என்று போடுகிறார்கள். அலாக்ரிட்டி ஸ்கில்கள் திரும்பத் தயாராகும் வேகத்தை 25 சதவீதம் கூட்டும். இதெல்லாம் ரெய்டு ஆடுகிறவர்களுக்கு மனப்பாடம். 50 பேர் ஸ்குவாடோடு (பெருங்குழுவோடு) வெளி வரைபடத்தில் ஓடுகிறவர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. ஒரே துணைக்குழுவில் இருபது பேர் கிடப்பார்கள், பூன் தரும் இருவர் எங்கோ ஒரே குழுவில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் மைட்டே இல்லாமல் கட்டைக் கத்தியால் அறுப்பார்கள்.

ஸ்குவாடை நடத்தும் கமாண்டர் பட்டம் 300 தங்கம். அந்தப் பணத்தைக் கட்டி வாங்குகிறவருக்குத் தலைக்கு மேல் ஒரு நிறமுள்ள அடையாளம் கிடைக்கிறது, ஸ்குவாடை எப்படி அமைப்பது என்று ஒரு வரி கிடைப்பதில்லை. ஒரு பொத்தான் வையுங்கள்: அழுத்தினால் பூன் தருகிறவர்களைத் துணைக்குழுக்களுக்கு ஒவ்வொருவராகப் பிரித்துப் போட்டு, மீதியை ஐந்தைந்தாக நிரப்பட்டும். யார் எந்தப் பூன் தருகிறார் என்பதை அவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ‘நான் குயிக்னெஸ்’ என்று பெயர் ஒட்டிக்கொள்வதும் உண்மையில் குயிக்னெஸ் தருவதும் வேறு வேறு. கடந்த இரண்டு நிமிடத்தில் அவர் கையிலிருந்து என்ன போயிருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியும், அதைப் பார்த்துப் பிரிக்கட்டும்.

சண்டை எண்களைக் காட்டும் ஆர்க்டிபிஎஸ் என்ற வெளி நிரலை நீங்கள் தடை செய்யாமல் விட்டுவைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் சண்டையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வெளியார் நிரலைக் கணினியில் இறக்கி, உங்கள் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது உடைந்து, மறுபடி புதுசை எடுத்துப் போட்டு என்று அலைய வேண்டியிருப்பது ஆட்டத்தில் உள்ள ஓட்டை. மற்றவர் எண்ணைப் பார்த்து ஏளனம் செய்வது பற்றிய உங்கள் கவலை நியாயமே. அதனால் தன் எண்ணை மட்டும் தனக்குக் காட்டும் ஒரு சிறு அட்டை போதும்: நான் தந்த பூன் எத்தனை சதவீத நேரம் நின்றது, என்மேல் எவ்வளவு நேரம் இருந்தது, பிரேக் பாரில் என் பங்கு, எத்தனை டாட்ஜ் (உருண்டு தப்புவது) செலவழித்தேன், எதனால் விழுந்தேன். ஐந்து வரி. வேண்டாதவர்கள் மூடிவைக்க ஒரு டிக் பெட்டி.

தனி ஆளுக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் இது வேண்டும். எண்ட் ஆஃப் டிராகன்ஸ் 2022 பிப்ரவரி 28 அன்று வந்தபோது டிராகன்ஸ் எண்ட் வரைபடத்தின் மெட்டாவில் (எல்லோரும் சேர்ந்து ஆடும் பெரிய நிகழ்ச்சியில்) என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். முன்தயாரிப்பு நிகழ்ச்சிகளை நீளமாக முடித்துவிட்டு, கடைசியில் 20 நிமிடக் கெடுவில் சூ-வொன் என்ற டிராகனை வீழ்த்த முடியாமல் வரைபடம் வரைபடமாகத் தோற்றன. சீஜ் டர்ட்டில் என்ற சவாரி ஆமையின் முட்டை அந்த வெற்றியோடு கட்டப்பட்டிருந்ததால் கோபம் இரட்டிப்பானது. பிறகு சண்டையைத் தளர்த்தினீர்கள், முட்டையை விற்பனையாளரிடம் வாங்கும் வழியும் செய்தீர்கள். இரண்டும் சரி. ஆனால் மூன்றாவதாக ஒன்றைச் செய்திருந்தால் தளர்த்தும் அளவு குறைந்திருக்கும். தோற்ற ஐம்பது பேரில் ஒருவருக்கும் ஏன் தோற்றோம் என்று தெரியாது. பாதிப் பேர் அடி போதவில்லை என்பார்கள், மீதிப் பாதி பிரேக் பார் என்பார்கள், ஒருவர் கமாண்டரைத் திட்டுவார். தோல்வித் திரையில் மூன்றே வரி போடுங்கள்: எத்தனை பிரேக் பார் உடையாமல் போயிற்று, அதில் வீணான நேரம் எவ்வளவு, சராசரியாக எத்தனை பேர் விழுந்து கிடந்தார்கள். அடுத்த முயற்சிக்குக் கமாண்டர் எதைக் கத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கதை வரிசைக்கு வருவோம். புதிதாக வருகிறவர் எதை முதலில் வாங்குவது என்பதே புதிராக இருக்கிறது. கடைசியாக வந்த எக்ஸ்பான்ஷனை வாங்கினால் கையில் 80 லெவல் பூஸ்ட் (ஒரேயடியாக உச்ச லெவலுக்கு ஏற்றும் பொருள்) வேறு கிடைத்துவிடுகிறது. அதை உடைத்துக்கொண்டு கதையின் கடைசி அத்தியாயத்தில் போய் நின்று, இவர்கள் யார், ஏன் அழுகிறார்கள் என்று விழிக்கிறார். சரியான வரிசை இது: அடிப்படைக் கதை, லிவிங் வேர்ல்ட் என்ற தொடர்கதையின் முதல் இரண்டு சீசன், ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ், மூன்றாம் சீசன், பாத் ஆஃப் ஃபயர், நான்காம் சீசன், ஐஸ்புரூட் சாகா, எண்ட் ஆஃப் டிராகன்ஸ், அதன்பின் 2023இல் வந்த சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஆப்ஸ்க்யூர், 2024இல் வந்த ஜாந்திர் வைல்ட்ஸ் என்று தொடரும். இதை வாங்கும் திரையில் ஒரு கோடாகப் போட்டு, எது உங்களிடம் இருக்கிறது, எது ஜெம் (ஆட்டக் கடையின் நாணயம்) கொடுத்துத் திறக்க வேண்டியது என்று நிறம் காட்டினால் பாதிக் குழப்பம் அடங்கிவிடும். பூஸ்டைப் பயன்படுத்தும் முன் சில்வர்வேஸ்ட்ஸ் வரைபடத்தில் வெள்ளோட்டம் விட வசதி செய்திருந்தீர்கள். அதே இடத்தில் ‘முதல் ஆளை நடந்தே 80க்குக் கொண்டுபோவது நல்லது’ என்று நேர்மையாக ஒரு வாக்கியமும் சேருங்கள்.

இனி பை. இந்த ஆட்டத்தின் உண்மையான இறுதி பாஸ் அதுதான் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதில் மிகையில்லை. அடையாளம் காணாத கவசம் 250 கொண்ட ஓர் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பையில் 60 இடம் காலி. 60 திறந்தால் பை நிறையும், ஏனென்றால் திறந்த ஒவ்வொன்றும் ஓர் இடம் பிடிக்கும். தரத்தைக் காட்டும் நிறம் நீலமும் பச்சையும் என்றால் ஒரு தடவைக்கு 3 காப்பர் பிடிக்கும் காப்பர்-ஃபெட் கருவியால் உடைக்க வேண்டும். மஞ்சள் என்றால் எக்டோ என்ற மூலப்பொருள் விழும் வாய்ப்புக்காக உயர்ந்த கருவி. பிறகு கிடங்குக்கு அனுப்பும் பொத்தான், பிறகு லக் சாறு குடிக்கும் பொத்தான், பிறகு மீந்த ரூன், சிகில் என்ற மேம்பாட்டுப் பொருள்களைப் பிரிப்பது. இந்த வட்டம் ஐந்து முறை. ஒவ்வொரு படிக்கும் நீங்கள் தனித்தனியாக நல்ல பொத்தான்கள் கொடுத்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறோம். அவற்றைக் கோத்துத் தருவதுதான் பாக்கி. ‘நீலம், பச்சை: மலிவுக் கருவி, மஞ்சள்: உயர்ந்த கருவி, ஆரஞ்சு: தொடாதே, பொருள்: கிடங்கு’ என்று ஒருமுறை விதி எழுதி வைத்தால் ஒரே அழுத்தில் அடுக்கு முழுவதும் முடியட்டும். லக் மூலம் வரும் மேஜிக் ஃபைண்ட் (நல்ல பொருள் விழும் வாய்ப்பு) 300 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. அதை எட்டியவருக்கு அதன்பின் வரும் சாறு வெறும் குப்பை, அதுவும் தானே கரைந்து போகட்டும்.

தவறிப்போய் உடைத்துவிடுவது இன்னொரு தலைவலி. சேஃப் பாக்ஸ் போன்ற பைகளில் வைத்தால் விற்பனையாளரின் பட்டியலில் வராது, அடுக்கும்போது இடம் மாறாது. நல்ல யோசனைதான், ஆனால் பூட்டு பைக்கு இருக்கிறது, பொருளுக்கு இல்லை. பொருளின் மேல் வலது கிளிக், ஒரு பூட்டுச் சின்னம், அவ்வளவுதான். எந்தப் பையில் கிடந்தாலும் விற்கவோ, உடைக்கவோ, மிஸ்டிக் ஃபோர்ஜ் என்ற உலையில் போடவோ முடியக் கூடாது.

பணப்பையும் இதே கதை. ஏர்ஷிப் பார்ட்ஸ், ஆரிலியம், லே லைன் கிரிஸ்டல், பேண்டிட் கிரெஸ்ட், ஜியோட், அன்பவுண்ட் மேஜிக், வாலடைல் மேஜிக், டிரேட் காண்ட்ராக்ட், இம்பீரியல் ஃபேவர், ரிசர்ச் நோட்... ஒரு வரைபடத்துக்கு ஒரு நாணயம். தலைப்பாகைக்குள் எத்தனை காசுதான் முடிந்து வைப்பது? குறைக்கச் சொல்லவில்லை, நாணயத்தின் மேல் கிளிக் செய்தால் எங்கே சம்பாதிப்பது, எந்த வரைபடத்தில் யாரிடம் செலவழிப்பது, அந்த விற்பனையாளரிடம் நான் இன்னும் வாங்காதது எது என்று காட்டினால் போதும். இப்போது இதற்கெல்லாம் வழி என்ன? உரையாடல் பெட்டியில் சாய்கோடு போட்டு ‘விக்கி’ என்று அடித்துப் பொருளின் பெயரை ஒட்டினால் உலாவியில் உங்கள் அதிகாரபூர்வ விக்கி திறக்கும். அருமையான வசதி, சந்தேகமில்லை. ஆனால் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஆட்டத்தை விட்டு வெளியே போ என்று ஆட்டமே ஒரு கட்டளை வைத்திருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

லெஜண்டரி ஆயுதத்துக்குத் தேவைப்படும் க்ளோவர் என்ற பொருள் பற்றி ஒரு கணக்கு. முதல் தலைமுறை ஆயுதம் ஒன்றுக்கு மிஸ்டிக் க்ளோவர் 77. ஃபோர்ஜில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ஆப்சிடியன் ஷார்டு, ஒரு மிஸ்டிக் காயின், ஒரு எக்டோ, ஆறு ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன். வெற்றி மூன்றில் ஒன்று என்று கொண்டால் சராசரி 231 முயற்சி, அதாவது 231 காயின். சராசரி என்பது பேச்சுக்குத்தான். நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு 270ஐத் தாண்டும், அவர்கள்தான் இரவு இரண்டு மணிக்குக் கீபோர்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். தொடர்ந்து ஐந்து முறை தவறினால் ஆறாவது நிச்சயம் என்று ஒரு விதி வையுங்கள். இதனால் சராசரி 231லிருந்து 211க்கு இறங்கும். காயினுக்கும் எக்டோவுக்கும் தேவை குறைந்து சந்தை விலை ஆடும் என்று கவலைப்பட்டால், அடிப்படை வாய்ப்பைச் சற்றுக் குறைத்து மறுபடி 231லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மொத்தத்தில் யாருக்கும் இலவசம் இல்லை, துரதிருஷ்டசாலியின் பாரம் மட்டும் இறங்குகிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு என்று எல்லா ஆள்களின் பையையும் வங்கியையும் கூட்டிச் சொல்லும் பட்டியலை உங்கள் ஏபிஐயை (வெளி நிரல்களுக்குத் தகவல் தரும் வாயிலை) வைத்து வெளியார் தளங்கள் பல ஆண்டுகளாகச் செய்து தருகின்றன. 2021 ஜூலையில் லெஜண்டரி ஆர்மரி கொண்டுவந்து ஒரு ஆளின் ஆயுதத்தை எல்லா ஆளுக்கும் பொதுவாக்கினீர்களே, அந்தத் திரையிலேயே இந்தப் பட்டியலும் உட்காரலாம்.

பெரிய கூட்டத்தில் பிரேம் விழுவதைப் (படம் திக்கி ஓடுவதை) பற்றிச் சுருக்கமாக. டைரக்ட்எக்ஸ் 11க்கு மாறியது உதவியது, ஆனால் ஐம்பது பேர் ஓரிடத்தில் குவியும்போது இடுக்கு கிராஃபிக்ஸ் அட்டையில் இல்லை, செயலியின் ஒரே இழையில். விஷயம் தெரிந்தவர்கள் கேரக்டர் மாடல் லிமிட்டைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோய், நிழலையும் பிரதிபலிப்பையும் அணைத்துவிட்டு ஓடுகிறார்கள். இதைத் தானியங்கியாக்குங்கள்: சுற்றிலும் முப்பது பேருக்கு மேல் வந்தால் தானே இறங்கி, கலைந்ததும் தானே ஏறட்டும். எதிரி போடும் வட்டங்கள் தரையில் மற்ற எல்லா வாணவேடிக்கைக்கும் மேலே வரையப்பட வேண்டும். நம்மவர் தீப்பொறியில் எதிரியின் வட்டம் மறைந்து சாவது திறமைக்குறைவு ஆகாது.

பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) விஷயம் எங்களைப் போன்றவர்களை நேராகத் தொடுகிறது. சீனாவுக்குத் தனி வெளியீடு உண்டு. மற்றவர்களுக்கு வட அமெரிக்கா அல்லது ஐரோப்பா. சென்னை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்கிருந்து ஆடினாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். சென்னையிலிருந்து மத்திய ஐரோப்பா நேர்கோட்டில் 7,500 கிலோமீட்டர் அளவு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்றால் போய்வர 75 மில்லிசெகண்ட், இது இயற்கை விதித்த வரம்பு. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இதைவிட வெகுவாகக் கூடும்.

இது டாட்ஜில் எப்படி உதைக்கிறது என்று பாருங்கள். ஒரு டாட்ஜுக்கு எண்டூரன்ஸ் (தெம்பு) 50, மொத்தம் 100, வினாடிக்கு 5 வீதம் திரும்பும். ஆக இரண்டு டாட்ஜ் செலவழித்தால் அடுத்ததற்குப் பத்து வினாடி. அடி படாமல் தப்பும் நேரம் முக்கால் வினாடி, அதாவது 750 மில்லிசெகண்ட். பிங் 200 என்றால் திரையில் தெரியும் பாஸ் 100 மில்லிசெகண்ட் பழையது, நம் பொத்தான் சர்வரை அடைய இன்னொரு 100. ஓங்கிய கை இறங்குவதைப் பார்த்து உருண்டால் அடி ஏற்கெனவே விழுந்திருக்கும். கை ஓங்கும்போதே உருள வேண்டும் என்று பழகிக்கொள்ளலாம், பலர் பழகியும் விட்டார்கள். பழக முடியாதது பிங் நிலையாக இல்லாமல் 180க்கும் 320க்கும் தாவுவதுதான். ஆட்டத்தைக் கெடுப்பது தாமதத்தைவிட இந்தத் தாவல்.

ஆசியாவுக்குத் தனி சர்வர் வேண்டும் என்று பலர் கேட்பார்கள், நாங்கள் கேட்கவில்லை. ஆட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்தால் இரவு மூன்று மணிக்கு மெட்டாவுக்கு ஆள் சேராது. மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு நுழைவுக் கணு மட்டும் போதும்: வீட்டு இணைப்பு அங்கே வரை வரட்டும், அதன்பின் பொது இணையத்தின் சந்துபொந்தில் போகாமல் நேர்த்தியான தனிவழியில் ஐரோப்பா போகட்டும். சராசரி பிங் கொஞ்சம்தான் குறையும், தாவல் பெருமளவு அடங்கும். கூடவே பிவிஇயில் (கணினி எதிரிகளோடு ஆடும் ஆட்டத்தில்) மட்டும், டாட்ஜ் அழுத்திய நேரத்தை 100 மில்லிசெகண்ட் வரை ஆட்டக்காரருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிவிபியில் (ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதும் ஆட்டத்தில்) வேண்டாம், அங்கே அதை வைத்துப் பித்தலாட்டம் பண்ண ஆள் வரும்.

பிவிபியும் வேர்ல்ட் வெர்சஸ் வேர்ல்டும் தனி மடலுக்கான விஷயங்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும்: ஒரே ஸ்கில்லுக்கு மூன்று வகை ஆட்டத்திலும் வெவ்வேறு எண் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் டூல்டிப் நிற்கும் இடத்தின் எண்ணைத்தான் காட்டுகிறது. லயன்ஸ் ஆர்ச்சில் நின்று பில்டு (ஸ்கில், கவசத் தேர்வு) போட்டுக்கொண்டு எல்லைப் போர்க்களத்துக்குப் போகிறவருக்கு அங்கே போனபின்தான் பாதி எண் மாறியிருப்பது தெரிகிறது. ஆல்ட் பொத்தானைப் பிடித்தால் மூன்று எண்ணும் பக்கம் பக்கமாக வரட்டும்.

எது முதலில் என்று கேட்டால் எங்கள் வரிசை இது. டூல்டிப்பில் பிரேக் பார் எண், பொருளுக்குப் பூட்டு, தோல்வித் திரையில் மூன்று வரி: இந்த மூன்றுக்கும் புதுக் கலைப்படைப்பு தேவையில்லை, குரல்பதிவு தேவையில்லை, எண்கள் ஏற்கெனவே உங்கள் சர்வரில் இருக்கின்றன. பயிற்சி அறையும் ஸ்குவாட் பிரிக்கும் பொத்தானும் அடுத்து. நுழைவுக் கணு பணம் பிடிக்கும் வேலை, அதற்குக் காத்திருப்போம். பாயிண்ட் பிளாங்க் ஷாட் டூல்டிப்பில் 150 என்ற எண்ணை எழுத மட்டும் ஒரு எக்ஸ்பான்ஷன் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆட்டத்தின் உலகமான டைரியாவில் திரியும் தமிழ் ஆட்டக்காரர்கள் சிலர்